தொப்புள்கொடியில் ஏறிய பாதரசம்

(வெள்ளிமலையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு, நிலப் பட்டா, ரேஷன் என்று பேசுவதற்கு எத்தனையோ இருக்க, மலையேறி வந்து பாதரசத்தையும் ஈயத்தையும் பற்றிப் பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதுவும் கூலிப் பிரச்னைதான். ஒரு கர்ப்பிணிப் பெண் கரும்புத் தோட்டத்துக்கோ, பாட்டரி உடைக்கும் பட்டறைக்கோ வேலைக்குப் போனால், அவளோடு இன்னொரு ஜீவனும் அந்த வேலைக்குப் போகிறது. அதற்கு மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. கூலி கிடையாது. அடிபட்டால் நஷ்ட ஈடு கேட்க வாய் கிடையாது. அந்தத் தொழிலாளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் வீடுகளில் பிரசவம் பார்த்த கிழவிகள் பிள்ளை பிறந்ததும் என்ன கேட்பார்கள்? "நஞ்சு விழுந்ததா?" என்று கேட்பார்கள். நஞ்சுக்கொடி என்று நம் பாஷையிலேயே பெயர் இருக்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து சத்தை வடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் சதைப் பிண்டம் அது. அந்த நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர், தாயின் உடலில் விஷம் ஏறினாலும் அது பிள்ளைக்குப் போகாமல் தடுத்துவிடும் என்றுதான் உலகத்து வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு ஜப்பானிய மீனவர் கிராமம்.

மினமாட்டா என்பது அந்த ஊர். அங்கே சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயன ஆலை இருந்தது. 1932 முதல் அது பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. கடலின் சேற்றில் பாதரசம் மீதைல் பாதரசம் என்ற கொடிய உருவத்தில் இருந்தது. சேற்றிலிருந்து சிப்பிக்கும், சிப்பியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மீனவனுக்கும் அது ஏறியது. பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்று செத்தன. மனிதர்களுக்குக் கை கால் நடுங்கியது, பார்வை சுருங்கியது, நாக்குக் குழறியது. 1956 மே மாதம் முதல் தேதி இந்த நோய் முறைப்படி பதிவாயிற்று. 1959இல் கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் ஹோசோகாவா ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவுநீர் நின்றது 1968இல்தான். எண்ணிப் பாருங்கள், உண்மை தெரிந்த பிறகும் ஒன்பது வருஷம்!

நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் பல குழந்தைகள் பிறவியிலேயே கழுத்து நிற்காமல், பேச்சு வராமல், கை கால் முறுக்கிக்கொண்டு பிறந்தன. ஹராடா மசசுமி என்ற இளம் டாக்டர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பையன்கள். இருவருக்கும் ஒரே மாதிரி நோய். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்று வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். இளையவனுக்கு அது இல்லை, வேறு பிறவி நோய் என்றார்கள். காரணம், அவன் மீனே தின்றதில்லையாம். அந்தத் தாய்க்கு இது புரியவில்லை. மீனைத் தின்றவள் நான், அப்போது இவன் என் வயிற்றில்தானே இருந்தான் என்று அவள் கேட்டாள். படிப்பறிந்த வைத்தியர்களுக்குத் தெரியாதது மீனவப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. 1962இல் இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையை அறுத்துப் பார்த்த பிறகுதான், 16 குழந்தைகள் தாயின் வயிற்றிலேயே பாதரசம் ஏறியவர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளைக்குக் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா? ஜப்பானியரும் அதை எறிவதில்லை. சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். ஹராடாவும் அவருடைய சகாக்களும் வீடுகளிலிருந்த அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, காய்ந்த கொடிகளைப் பரிசோதித்தார்கள். எந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் ஏறியது என்பது 1975இல் உலக விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சாயிற்று. ஆலைக் கணக்குப் புத்தகம் மறைத்ததைத் தாய்மார்களின் பெட்டி சொல்லிவிட்டது.

சுவர் ஏன் தடுக்கவில்லை? மீதைல் பாதரசம் புரதச் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு போகிறது. பிள்ளைக்குச் சத்துத் தேவை என்று நஞ்சுக்கொடி கதவைத் திறக்கிறது, திருடன் உள்ளே போய்விடுகிறான். தாயின் ரத்தத்தில் ஒரு பங்கு இருந்தால், தொப்புள்கொடி ரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் பங்கு இருக்கிறது. தாய்க்கு விரல் நுனி மரத்துப்போனதோடு நிற்கும் விஷம், பிள்ளையின் மூளையைக் கட்டும்போதே கோணலாக்கிவிடுகிறது. தாய் திடமாக இருக்கிறாளே, பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற பேச்சு இந்த விஷயத்தில் செல்லாது.

ஜப்பான் தூர தேசம் என்று சொல்லாதீர்கள். நம் தமிழ்நாட்டு மலை ஒன்றிலேயே பாதரசம் கிடந்தது.

கொடைக்கானலில் 1983இல் காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி செய்யும் ஆலை வந்தது. அதற்கு முன் அது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் இருந்தது. அங்கிருந்து பெயர்த்தெடுத்துப் பாம்பார் சோலைக்காட்டின் ஓரத்தில் வைத்தார்கள். செஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனியின் ஆலை, பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. செய்த சரக்கு வெளிநாட்டுக்கு, சிந்திய பாதரசம் நமக்கு! 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. ஏழை நாட்டில் கொட்டிய குப்பையைப் பணக்கார நாட்டுக்குத் திருப்பி ஏற்றிய காட்சி அபூர்வம். ஜனங்கள் விடாமல் நின்றதால் அது நடந்தது.

பாதரசத்துக்கு நெருப்பு வேண்டியதில்லை. சாதாரண வெயிலிலேயே அது ஆவியாகும். நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போகும் ஆவியில் பத்தில் எட்டுப் பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். ரத்தத்தில் கலந்த ஆவி நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது. தாண்டிய பிறகு பிள்ளையின் சதையில் வேறு உருவம் எடுத்துக்கொள்கிறது, திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆலைக்குள் வேலை செய்தவன் ஆணாக இருந்தாலும் வீட்டிலிருக்கும் கர்ப்பிணிக்கு அபாயம் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இதே மாதிரி வெப்பமானி ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் வீடுகளிலும் குழந்தைகளின் சிறுநீரிலும் மற்றவர்களைவிட அதிகப் பாதரசம் இருந்ததாக 1987இல் வைத்தியர்கள் எழுதினார்கள். அது அப்பன் உடுத்திய சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பாதரசம்.

கொடைக்கானல் தொழிலாளர்கள் என்ன சொன்னார்கள்? சிறுநீரகக் கோளாறு, கைநடுக்கம், கருச்சிதைவு, குறையோடு பிறந்த பிள்ளைகள் என்று சொன்னார்கள். பாதரசத்தால் யாருக்கும் கேடு வரவில்லை, எங்கள் பரிசோதனைகள் அதைக் காட்டுகின்றன என்று கம்பெனி சொல்லிற்று. 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. வேலைத்தலத்துப் பாதரசத்தால் தொழிலாளர் பலர் நோய்ப்பட்டார்கள் என்று மத்திய சர்க்காரின் ஆய்வு 2011இல் சொல்லிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம் கொடுப்பதாக உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடிப் பதினைந்து வருஷம் கழித்து! ஆலை மூடிய வருஷத்தில் பிறந்த பிள்ளை அதற்குள் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும். ரத்தத்திலிருந்து பாதரசம் சில மாதங்களில் இறங்கிவிடும். அன்றே எடுத்து வைக்காத ரத்தக் கணக்கைப் பதினைந்து வருஷம் கழித்து எந்தக் கோர்ட்டில் காட்டுவது? முதலாளிக்குக் காலதாமதமே வக்கீல்.

இனி வயலுக்கு இறங்குவோம். உங்களில் பலர் கச்சிராயபாளையம் பக்கமும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கமும் கரும்பு வேலைக்குப் போயிருப்பீர்கள். இரண்டு ஊரிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு இருக்கிறது. கரணை நடுவதற்கு முன் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது வழக்கம். எமிசான் என்ற மருந்து நினைவிருக்கிறதா? அது பாதரசம். மீதாக்சி எதைல் பாதரசக் குளோரைடு என்பது அதன் முழுப் பெயர். வாயில் நுழையாத பெயராக இருந்தால் கூலிக்காரன் கேள்வி கேட்கமாட்டான் அல்லவா? கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும் என்று நெடுநாள் அனுமதித்து வைத்திருந்து, 2018 ஆகஸ்டில்தான் மத்திய சர்க்கார் அதைத் தடை செய்தது. மினமாட்டாவின் மீதைல் பாதரசம் அளவுக்கு இது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உறை இல்லாமல், வெறுங்கையால், தொட்டியில் கை விட்டுக் கரணை அள்ளுகிற வேலைக்குப் பாதரசம் கொடுத்ததை எந்த நியாயத்தில் சேர்ப்பது? தடை வந்துவிட்டது, சரி. பழைய டப்பா எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

விதை மருந்து என்ன செய்யும் என்பதற்கு இராக் நாடு உதாரணம். 1971இல் அங்கே வறட்சி. மெக்சிகோவிலிருந்து விதைக் கோதுமை கப்பலில் வந்தது, மீதைல் பாதரசம் பூசிய விதை. தின்னக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாக்கில் எச்சரிக்கையும் இருந்தது, ஸ்பானிய பாஷையிலும் ஆங்கிலத்திலும்! அரபு விவசாயிக்கு அது எப்படிப் புரியும்? பசித்த வீட்டில் சாயத்தைக் கழுவினார்கள், சாயம் போயிற்று, விஷமும் போய்விட்டது என்று நினைத்து ரொட்டி சுட்டார்கள். 6,530 பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அங்கே மட்டும் 459 பேர் மாண்டார்கள். கர்ப்பிணிகள் தின்ற ரொட்டி பிள்ளைகளின் மூளையில் போய்ச் சேர்ந்தது. இலேசான நோயோடு தப்பிய தாய்க்கு, நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளை பிறந்தது. மயிர் மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளரும் அல்லவா? தாயின் தலைமயிரைத் துண்டு துண்டாகப் பரிசோதித்து, எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் ஏறியது என்று விஞ்ஞானிகள் கணக்கெடுத்தார்கள். புரியாத பாஷையில் ஒட்டிய சீட்டு எச்சரிக்கையாகாது. உங்கள் ஊர் மருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், எந்த அளவு எழுத்தில் தமிழ் இருக்கிறதென்று.

பாதரசத்தைவிட நமக்கு நெருக்கமான சத்துரு ஈயம், கருப்பு ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் வேறு உலோகம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கருப்பு ஈயத்தை அதில் கலந்து விற்பவன் இருந்தால் அவன்தான் ஆபத்து. பழைய பாட்டரியை உடைத்து உருக்கும் பட்டறை, பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை, பற்றவைக்கும் வேலை, எல்லாவற்றிலும் ஈயம் உண்டு. சர்க்கரை ஆலைத் தோழர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் கரும்புச் சாற்றைத் தெளியவைக்க ஒரு வெள்ளைப் பொடி போடுவார்கள். நெடுங்காலம் அந்தப் பொடி ஈய அசிடேட்.

ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேஷம் போடும். எலும்பில் போய் உட்காரும், வருஷக்கணக்கில் உட்காரும். பதினெட்டு வயதில் பட்டறையில் வேலை செய்த பெண் இருபத்தைந்தில் கர்ப்பமானால், பிள்ளையின் எலும்புக்குச் சுண்ணாம்பு கொடுக்க அவளுடைய எலும்பு கரைகிறது. கரையும்போது பழைய ஈயமும் எழுந்து வருகிறது. தாயின் ரத்தத்தில் உள்ளதில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு பிள்ளையின் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். வேலையை விட்டு ஏழு வருஷமாகிவிட்டது என்று சொல்லித் தப்பமுடியாது. இவ்வளவுவரை ஈயம் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பசிக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தைக் கேளுங்கள். குடலில் இரும்புச் சத்து ஏறும் படிக்கட்டு வழியாகவே ஈயமும் ஏறுகிறது. இரும்பு இல்லாத உடம்பில் படிக்கட்டு காலியாகக் கிடக்கும், ஈயம் தாராளமாக ஏறும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவின் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு ரத்தசோகை. ஆகவே ஒரே பட்டறைப் புகையை முதலாளி மனைவியும் கூலிக்காரியும் சுவாசித்தாலும், கூலிக்காரியின் பிள்ளைக்கே அதிகம் போகிறது. பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியம் என்ற உலோகத்தை உறிஞ்சுகிறது. நஞ்சுக்கொடி காட்மியத்தைப் பெருமளவு தடுக்கிறது. தடுப்பதிலேயே அது சீர்குலைந்து பிள்ளைக்குச் சத்துக் குறைகிறது. வீட்டுக்குள் பீடி பிடிக்கும் தோழர்கள் எழுந்து வெளியே போகட்டும்.

வங்காள தேசத்தில் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அங்கே ஆலை இல்லை. விஞ்ஞானிகள் தேடித் தேடி, மஞ்சள் தூளில் வந்து நின்றார்கள். நிறம் ஏற்றுவதற்காக வியாபாரிகள் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கிழங்கில் தேய்த்திருந்தார்கள். 2019இல் அந்நாட்டுச் சர்க்கார் டாக்கா மண்டியில் புகுந்து அபராதம் போட்டது. அந்த வருஷம் பரிசோதித்த மஞ்சளில் 100க்கு 47 மாதிரியில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருஷம்! ஒரு சர்க்கார் மனசு வைத்தால் ஆகக்கூடிய காரியம்தான்.

முதலாளிகள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? அமெரிக்காவில் மேற்கு விர்ஜினியா மாநிலம், வில்லோ ஐலண்ட் என்ற ஊர், அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் சாய ஆலை. 1978இல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. பிள்ளை பெறக்கூடிய பெண்கள் ஈயச் சாயப் பிரிவில் வேலை செய்யக்கூடாது, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் செய்யலாம் என்று. ஐந்து பெண்கள் வேலைக்காகக் கர்ப்பப்பையின் வழியை அடைத்துக்கொண்டார்கள். சில வருஷத்தில் கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வேலையும் போயிற்று, பிள்ளையும் இல்லை. 1984இல் கோர்ட்டும் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. பாட்டரி செய்யும் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் கம்பெனியும் இதே மாதிரி பெண்களை ஒதுக்கியது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் விடாமல் வழக்காடி, 1991இல் சுப்ரீம் கோர்ட்டில் அந்த ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கியது. ஈயத்தை வெளியேற்றச் செலவாகும், பெண்ணை வெளியேற்றச் செலவில்லை, இதுதான் கம்பெனிகளின் கணக்கு. அதே ஈயம் ஆண் தொழிலாளியின் விந்தையும் கெடுக்கிறதே, அவனை யாராவது பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களா?

நம் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டம் அபாயமான வேலைகளில் பெண்களை வைக்கக்கூடாது என்று விதி போட மாநில சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி பெண்களை அப்படிப்பட்ட வேலைக்கு எடுக்குமுன் போதிய பாதுகாப்புச் செய் என்று முதலாளிக்குச் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பாதுகாப்புப் போதுமா என்று அளந்து பார்க்க இன்ஸ்பெக்டர் வருவாரா என்பதே கேள்வி. ஈய நோயும் பாதரச நோயும் பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் அறிவிக்கவேண்டிய நோய்கள்தாம். டாக்டர் அறிவிக்க வேண்டும், முதலாளி அறிவிக்க வேண்டும். மகப்பேறுச் சட்டம் கடைசி மாதங்களில் கடின வேலை வாங்கக்கூடாது என்கிறது, நல்லது. ஆனால் பிள்ளையின் மூளை உருவெடுக்கத் தொடங்குவது மூன்றாவது வாரத்தில். மாதவிலக்குத் தள்ளிப்போனதைத் தாய் கவனிப்பதற்குள் அந்த வேலை ஆரம்பமாகிவிடுகிறது. ஆகவே கர்ப்பமானபின் பாதுகாப்பு என்று பேசிப் பயனில்லை. கல்யாணமான பெண், ஆகாத பெண், ஆண் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் காற்றும் தொட்டியும் சுத்தமாக இருக்கவேண்டும். வேலை உடையை ஆலையிலேயே துவைக்கவேண்டும். குளிக்கத் தண்ணீர் வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டுத் தொழிலாளியின் கையில் இருக்கவேண்டும்.

மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலைத் தொழிலாளர் சங்கம் என்ன செய்தது என்று யாராவது கேட்கக்கூடும். நெடுநாள் ஒன்றும் செய்யவில்லை. நோயாளிகள் வாசலில் வந்து நின்றபோது, ஆலை மூடினால் நம் சோறு போய்விடும் என்று பயந்தார்கள். 1962-63இல் கூலிக்காக அவர்களே நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் சங்கம் உடைந்து, அடிபட்டு, முதலாளியின் குணத்தைத் தெரிந்துகொண்டார்கள். 1968 ஆகஸ்டில் முதல் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. மினமாட்டா நோயாளிகளுக்காக இதுவரை போராடாதது எங்களுக்கு அவமானம் என்று அதில் எழுதினார்கள். பிறகு கோர்ட்டில் கம்பெனிக்கு எதிராகத் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். குழாய் எங்கே போகிறது, என்ன கலந்தது என்று அவர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கர்ப்பம் தரித்ததும் நர்சம்மா உங்களுக்குத் தாய்-சேய் நல அட்டை எழுதுவார். எடை, ரத்த அழுத்தம், இரும்புச் சத்து எல்லாம் அதில் ஏறும். அதிலேயே ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: என்ன வேலை செய்தேன், எந்த மருந்தில் கை வைத்தேன், என் வீட்டுக்காரர் எந்தப் பட்டறையில் இருக்கிறார் என்று. டப்பாவின் சீட்டு கிடைத்தால் கிழித்து அட்டைக்குள் செருகுங்கள். ஈயத்தில் வேலை செய்தவர்கள் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. இங்கே இயந்திரம் இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை அந்த அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.